துண்டு, சோப்பு, சுவிட்சு

எல்லோரும் குளித்து முடித்த பிறகு குளியலறைத் தண்ணீரைத் தள்ளிவிடுவது அவள் வேலை. உடுப்பை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு, நீளப் பிடி போட்ட வைப்பரோடு உள்ளே போனால், கதவோரம் குட்டைபோலத் தேங்கிய தண்ணீர் அவளுக்காகவே காத்துக்கிடக்கும். தண்ணீர் போகிற ஓட்டை எதிர் மூலையில் இருந்தது. தரை சரிந்ததோ கதவுப் பக்கம். ஆகவே தினமும் தண்ணீருக்கு வழி காட்டி, முதுகைப் பிடித்துத் தள்ளி, மேட்டில் ஏற்றி அனுப்பிவைக்க வேண்டியிருந்தது.

அந்தத் தரையைப் போட்டவர் வேறு யாருமல்ல, அவள் வீட்டுக்காரர்தான். கல்யாணமான புதிதில் ஒரு விடுமுறை நாளில், பட்டறை நண்பர் ஒருவரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு தன் கையாலேயே சிமெண்ட் குழைத்துப் போட்டார். "சரிவு வேணும்னு சொன்னாங்க, வெச்சேன். எந்தப் பக்கம்னு யாரும் சொல்லலியே?" என்று இன்றைக்கும் கூசாமல் கேட்பார். அவருடைய தொழில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியால் காயில் கட்டுவது. எரிந்துபோன எந்த மோட்டாரையும் ஓட வைத்துவிடுவார். ஓடாத தண்ணீர் அவர் கணக்கில் வராது.

தரை மட்டுமா? சுவரில் இடுப்பு உயரத்துக்கு வெளிறிய ரோஜா நிற டைல்ஸ், ஒன்று விட்டு ஒன்றில் ஓர் அன்னம். கொக்கி மாட்ட இடமில்லாமல் அன்னம் ஒன்றின் கழுத்திலேயே ஆணி அடித்திருந்தார்கள். வீட்டிலுள்ளவர்கள் துணி மாட்டுவது அதில்தான். கண்ணாடியின் ஓரமெல்லாம் கறுத்து, நடுவில் ஒரு முகம் தெரிகிற அளவுக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. குழாய்க்கு நூல் சுற்றியிருந்தது, நூலுக்கு மேல் துணி, துணிக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் பை. கதவைச் சாத்த வேண்டுமானால் சற்றே தூக்கி, தோளால் ஒரு இடி இடித்து, தாழ்ப்பாளைப் போட வேண்டும். விருந்தாளிகள் வந்தால் யாராவது கூடப் போய்ச் சொல்லிக்கொடுத்துவிட்டு வருவார்கள்.

இதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். அவளை அரித்தது வேறொன்று.

வீட்டுக்காரர் கையை வீசிக்கொண்டு குளிக்கப் போகிறவர். போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் உலகத்தில் துண்டு என்று ஒரு பொருள் இருப்பது அவருக்கு நினைவுக்கு வரும். "துண்டு!" என்று ஒரு குரல். கொடு, எடு என்ற பேச்செல்லாம் கிடையாது. பொருளின் பெயரைச் சொன்னால் பொருள் வந்துவிட வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து, "சோப்பு!" லைட்டுக்கும் ஹீட்டருக்கும் சுவிட்ச் வெளியே, படுக்கையறைச் சுவரில் இருந்தது. ஆகவே கடைசியாக, "சுவிட்சு!" மகளும் அப்பாவைப் பார்த்து வளர்ந்தவள்தானே. அச்சகத்தில் டிசைனராக வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கிறாள், ஆனாலும் கதவுக்கு அந்தப் பக்கம் போனதும், "அம்மா, ஷாம்பு!"

அவள் விடிந்ததும் ஒரு டீ போட்டுக்கொள்வாள். அந்த டீயை அவள் சூடாகக் குடித்ததே இல்லை. கோப்பை உதட்டுக்குப் போகும், குரல் வரும். போய்க் கொடுத்துவிட்டு வருவாள், மறுபடியும் குரல் வரும். மூன்றாவது தடவை திரும்பி வரும்போது டீயின் மேல் ஆடை படிந்து, யாரோ விட்டுவிட்டுப் போன டீ மாதிரி இருக்கும்.

சில நாள் வீம்புக்கு எழுந்திருக்காமல் இன்னும் இரண்டு வாய் குடிப்பாள். உள்ளேயிருந்து குரல் உயரும். பிறகு துண்டோடு போய், "காதுல விழலங்க, மிக்சி ஓடிக்கிட்டிருந்திச்சு" என்பாள். குரல் கேட்ட பிறகு வெறும் மிக்சியை ஓட்டிய நாட்களும் உண்டு. அவர் நம்பிவிடுவார். மோட்டார் சத்தம் என்றால் அவருக்கு எப்போதுமே மரியாதை.

வேலைக்குப் போனாலும் இதே கதைதான். பேருந்து நிலையத்தில் விசாரணைக் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவள் அவள். கண்ணாடியில் ஒரு ஓட்டை; அந்த ஓட்டை நெஞ்சுக்கும் கீழே இருந்ததால், கேட்க வருகிறவர்கள் எல்லோரும் குனிந்துதான் கேட்பார்கள். வண்டி எப்போ, எங்கே நிற்கும், சில்லறை இருக்கா, செருப்பு தைக்கிறவர் எங்கே உட்கார்ந்திருப்பார். ஒருநாள் ஒரு பெரியவர் குனிந்து, "என் சம்சாரத்தப் பாத்தீங்களா?" என்று கேட்டார். "பெண்கள் கழிவறையில வரிசை நீளமா இருக்கு, அங்க பாருங்க" என்றாள். அந்த அம்மா அங்கேதான் இருந்தார். கண்டக்டர்கள் அவளுக்கு 'விசாரணை அக்கா' என்று பெயர் வைத்திருந்தார்கள். இத்தனை வருஷத்தில் ஒரு கேள்வியையும் பதில் சொல்லாமல் திருப்பி அனுப்பியதில்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

ஆனால் வேலை முடிந்து வந்த பிறகும், வேலைக்குக் கிளம்பும் முன்னாலும், ஓட்டை இல்லாத ஒரு கதவுக்குப் பின்னாலிருந்து கேள்வி வந்துகொண்டிருந்தால் எப்படி?

குளியலறைச் சுவருக்குள் ஓடிய குழாய் ஒழுகி, படுக்கையறைச் சுவரில் வரைபடம் மாதிரி ஈரம் படர்ந்தபோது, டைல்ஸ் மேஸ்திரியைக் கூப்பிட்டார்கள். அவர் ஒரு நாணயத்தால் டைல்ஸைத் தட்டிக்கொண்டே போனார். எல்லா அன்னமும் டொக் டொக் என்றது.

"உள்ள ஒண்ணுமே இல்லக்கா. டைல்ஸு ஒண்ணையொண்ணு புடிச்சிக்கிட்டு நிக்குது. மொத்தத்தையும் உடைச்சுப் போட்டுட்டுப் புதுசாப் பண்றதுதான் வழி."

அன்று சாப்பிடும்போது பேச்சு அதுதான். மகள் செல்போனை நீட்டினாள். மங்கலான பச்சையில் பளபளப்பில்லாத டைல்ஸ், சுவருக்குள் குடைந்த மாடம், அதில் ஒரு செடி.

"குளிக்கிற எடத்துல செடி எதுக்கு பாப்பா?" என்றார் அப்பா.

"அழகுக்குப்பா."

"அருவி படம் போட்ட டைல்ஸ் வருதே, சுவர் பூரா தண்ணி கொட்டுற மாதிரி? அதப் போடுவோம்."

"இதுவரைக்கும் ஒழுகினது போதாதாப்பா?"

அவர் சிரித்துவிட்டார். பிறகு நீதிபதி மாதிரி மனைவி பக்கம் திரும்பி, "நீ சொல்லு, உனக்கு என்ன வேணும்?" என்றார்.

"எனக்கு டைல்ஸ் எந்த நிறமா இருந்தாலும் சரி," என்றாள் அவள். "உள்ள போனவங்க யாரையும் கூப்பிடாம வெளிய வரணும். அப்படி ஒரு பாத்ரூம் வேணும்."

அப்பாவும் மகளும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை என்பதைக் கவனிக்கச் சற்று நேரம் பிடித்தது.

"சுவிட்ச் உள்ள வரணும். துண்டுக்கு உள்ள கம்பி. சோப்புக்கு உள்ள எடம். அவ்வளவுதான். காலையில ஒரு டீயச் சூடாக் குடிக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை."

"ப்பூ, இவ்வளவுதானா? வயரிங் எல்லாம் என் பொறுப்பு, விடு," என்றார் அவர். தரையைப் பற்றியும் அப்படித்தான் ஒருநாள் சொன்னார் என்பது அவளுக்கு நினைவு வந்தது.

உடைக்க ஆரம்பித்ததும் வீடெல்லாம் வெள்ளைப் புழுதி. அன்னங்கள் சாக்குப் பைகளில் கழுத்து வேறு, உடல் வேறாகப் போய்ச் சேர்ந்தன. குளிக்க மட்டும் மாடி வீட்டு அக்காவிடம் சொல்லி ஏற்பாடு செய்திருந்தார்கள்.

மாடியில் போய் அவர் எப்படிச் சமாளிக்கப் போகிறாரோ என்று முதல் நாள் அவளுக்கு உள்ளூர ஒரு பயம் இருந்தது. கோப்பையோடு படிக்கட்டுப் பக்கம் காதை வைத்துக்கொண்டு நின்றாள். ஒரு சத்தமும் இல்லை. கொஞ்ச நேரத்தில் வீட்டுக்காரர் தலை துவட்டிய கையோடு இறங்கி வந்தார். கையில் ஒரு வாளி. வாளிக்குள் மடித்த துண்டு, டப்பாவில் சோப்பு, மாற்று உடுப்பு, சீப்பு. சீப்புகூட!

"எல்லாம் நீங்களே எடுத்துட்டுப் போனீங்களா?"

"பின்ன? அடுத்தவங்க வீட்டுல போய் 'துண்டு'ன்னு கத்த முடியுமா? அசிங்கமா இருக்காது?"

அவள் இவ்வளவு காலமும் அவருக்கு மறதி என்றே நினைத்திருந்தாள். மறதிக்காரர் என்றால் பாவம் பார்க்கலாம். இவருக்கு மறதி மாடியில் இல்லை, கீழேதான் இருக்கிறது என்பது புதுச் செய்தி. வாளியை ஒருமுறை பார்த்தாள், அவரை ஒருமுறை பார்த்தாள், பிறகு டீயைக் குடித்தாள். நாக்கைச் சுட்டது. நன்றாக இருந்தது.

வேலை நடந்த அத்தனை நாளும் அவர் வாளியோடு மாடியேறினார், அவள் சூடாக டீ குடித்தாள். மேஸ்திரி வேலையை இன்னும் கொஞ்சம் இழுத்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது. ஆனால் அவர் அந்த வகை மேஸ்திரி இல்லை.

தரையை இந்தத் தடவை மேஸ்திரியே போட்டார். வீட்டுக்காரரைச் சரிவுப் பக்கமே அண்டவிடவில்லை. ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிக் காட்டினார். அது யாரையும் கேட்காமல், வளையாமல் நெளியாமல், நேராக ஓட்டைக்குப் போயிற்று. அவள் இன்னொரு சொம்பு ஊற்றச் சொல்லிப் பார்த்தாள்.

"கம்பியும் மாடமும் எங்கக்கா வரணும்?" என்று மேஸ்திரி கேட்டபோது, அவள் ஒரு காரியம் செய்தாள். பட்டறைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, காய்ந்த குளியலறைக்கு நடுவில் நிறுத்தினாள்.

"கண்ண மூடுங்க."

"எதுக்கு?"

"மூஞ்சியெல்லாம் சோப்பு. கண்ணு எரியுது. இப்ப கைய நீட்டுங்க. கை எங்க போகுதோ, அங்கதான் கம்பி."

சட்டை, பேண்ட், செருப்போடு அவர் கண்ணை மூடிக் கையை நீட்டினார். முதல் தடவை கை மேஸ்திரியின் கன்னத்தில் போய் நின்றது. "அண்ணே, நான் கம்பி இல்லண்ணே," என்றார் மேஸ்திரி. வாசலில் நின்ற மகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இரண்டாவது தடவை கை வெறும் சுவரைத் துழாவியது, ஒன்றும் அகப்படவில்லை, உடனே அவர், கண்ணை மூடியபடியே, உடம்பில் ஊறிப்போன பழக்கத்தில், "துண்டு!" என்றார்.

"இதோ, இதான் வியாதி," என்றாள் அவள். "மேஸ்திரி, கை இருக்கிற எடத்துல கோடு போடுங்க."

மேஸ்திரி பென்சிலால் கோடு போட்டார். சோப்பு மாடத்துக்கு இடது கையை நீட்டச் சொல்லி ஒரு கோடு. சுவிட்சுக்கு, ஈரம் படாத கதவு மூலையில் மூடி போட்ட பெட்டி. அதற்கும் ஒரு கோடு. தைக்கக் கொடுக்கும் சட்டைக்கு அளவெடுப்பதுபோல, அந்தக் குளியலறைக்கு வீட்டுக்காரரை வைத்து அளவெடுத்து முடித்தாள். இனி அவர் கண்ணைத் திறக்கக்கூட வேண்டாம்.

கடைசி நாள் வயரிங். அவர் பட்டறைக்கு லீவு போட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, வெகுநேரம் வேலை பார்த்தார். நடுவில் இரண்டு முறை சமையலறைக்கு வந்து, ஸ்டூலில் ஏறி, அலமாரிக்கு மேலே எதையோ பார்த்துவிட்டுப் போனார். "என்னங்க?" என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல, லைன் பாக்குறேன்" என்றார். முகத்தில் ஒரு களை. மகளும் வேலை முடிந்து இரண்டு பைகளோடு வந்து, அப்பா வெளியே வந்ததும் உள்ளே புகுந்துகொண்டாள். "நாளைக்குத்தான் பாக்கணும், யாரும் எட்டிப் பாக்கக்கூடாது," என்று அம்மாவை விரட்டினாள்.

மறுநாள் காலை மூவரும் வாசலில் கூடி நின்று பார்த்தார்கள். மங்கலான பச்சைச் சுவர். முழு முகமும் தெரிகிற கண்ணாடி. கதவு ஒரு விரலால் தள்ளினாலே சாத்திக்கொண்டது. கோடு போட்ட இடத்தில் கம்பி, கோடு போட்ட இடத்தில் மாடம், மூலையில் மூடி போட்ட சுவிட்ச். அவள் வாசலில் நின்றபடியே ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டாள். நெஞ்சு நிறைந்துவிட்டது என்றெல்லாம் இல்லை; ஆனால் வைப்பரை எங்கே வைப்பது என்று யோசித்து, அதற்கு இனி வேலையே இல்லை என்று தோன்றியபோது ஒரு சந்தோஷம் வந்தது.

மகள் மீதிப் பையோடு உள்ளே போய் எதையெதையோ அடுக்கிவிட்டு, நாலு பக்கமும் நின்று படம் எடுத்துக்கொண்டாள். வீட்டுக்காரர் முதல் ஆளாக உள்ளே போனார். கையை வீசிக்கொண்டுதான் போனார். போகட்டும், எல்லாம்தான் உள்ளே இருக்கிறதே.

அவள் டீயை ஊற்றிக்கொண்டு சமையலறை மேசையில் உட்கார்ந்தாள். ஆவி பறந்தது. கோப்பையைத் தூக்கினாள்.

தலைக்கு மேலே ஒரு குருவி கத்தியது.

ஜன்னலைப் பார்த்தாள். ஜன்னல் சாத்தியிருந்தது. மறுபடியும் அலமாரிப் பக்கமிருந்து கீச் கீச் என்று, காதைத் துளைக்கிற குரல். ஸ்டூலைப் போட்டு ஏறிப் பார்த்தால், டப்பாக்களுக்குப் பின்னால் வெள்ளையாக ஒரு காலிங்பெல். அது கத்தும்போது சிவப்பாகக் கண் சிமிட்டியது.

கோப்பையை வைத்துவிட்டுப் படுக்கையறைக்குப் போய்க் குளியலறைக் கதவருகே நின்றாள். "என்னங்க?"

"கேட்டுச்சா?" உள்ளேயிருந்து குரல் குதித்தது.

"கேட்டுச்சு."

"சோப்பு மாடத்துக்குக் கீழ பட்டன் வெச்சிருக்கேன். மிக்சி ஓடினாலும் கேக்கும், கிரைண்டர் ஓடினாலும் கேக்கும். கடையில இருக்கிறதுலயே பெரிய சத்தம் எதுன்னு தேடி வாங்கினேன். பாவம் நீ, எத்தனை நாள் காதுல விழாம, அப்புறம் ஓடி வந்து பதில் சொல்லிக்கிட்டிருந்தே! இனிமே அந்தத் தொல்லையே இல்ல பாரு."

மகள் கூடத்திலிருந்து, "அப்பா சூப்பர்!" என்று கத்தினாள்.

அவள் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நல்ல கதவு. ஒரு இடுக்கு இல்லை. இவ்வளவு சிரமப்பட்டு, ஸ்டூலில் ஏறி, அவளுக்குத் தெரியாமல் ஒரு மனிதர் செய்திருக்கிறார். கோபப்படலாமா, சிரிக்கலாமா என்று அவளுக்கே தெரியவில்லை. வெறும் மிக்சியை ஓட்டிய பாவம் குருவியாக வந்து சமையலறையில் உட்கார்ந்திருக்கிறது.

திரும்பி வந்து உட்கார்ந்தாள். டீயில் இன்னும் சூடு இருந்தது. ஒரு வாய் குடித்தாள்.

குருவி கத்தியது.

இந்தத் தடவை கோப்பையையும் கையிலேயே எடுத்துக்கொண்டு போனாள். "இப்ப என்ன?"

"துண்டு."

"கம்பியிலதானே தொங்குது? கண்ண மூடிக் கைய நீட்டுங்க."

"நீட்டினேன். அது பாப்பாவோட துண்டு. ஓரத்துல பூ வேலையெல்லாம் போட்டு, ரிப்பன் கட்டி வெச்சிருக்கா. அழகுக்காம். தொட்டா என்னைக் கொன்னுடுவா. பழைய துண்டு குடு. சோப்பும் கொண்டா, மாடத்துல செடி இருக்கு."

"சோப்பு இல்லாமலா இவ்வளவு நேரம் குளிச்சீங்க?"

"குளிக்கல. பெல்லுதான் டெஸ்ட் பண்ணிக்கிட்டிருந்தேன்."

கூடத்தில் மகளின் சத்தமே இல்லை. இந்த மாதிரிச் சமயங்களில் அவளுக்குச் செல்போனில் முக்கியமான வேலை இருக்கும்.

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். கோப்பை கையில் கதகதப்பாக இருந்தது. மாடிக்குப் போன வாளி கட்டிலுக்கடியில்தான் கிடந்தது. அதற்குள் சோப்பு டப்பாவும் மடித்த துண்டும்கூட அப்படியே இருந்தன. கையை நீட்டினால் எடுத்துவிடலாம். எடுத்தாள், கதவைத் தட்டினாள், ஒரு கை வெளியே நீண்டது, டப்பாவை அதில் வைத்தாள். துண்டை வைக்கவில்லை.

"துண்டு?"

"பூ போட்ட துண்டுலயே தொடச்சிக்குங்க. பாப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன். துண்டு தொடைக்கத்தான்."

"சரி, விடு." குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது. "பெல்லு எப்படி? சத்தம் போதுமா, இன்னும் கூட்டணுமா?"

"கூட்ட வேண்டாம்," என்றாள். பிறகு கதவுக்குச் சற்று அருகில் வந்து, கவுண்டரில் சொல்வதைப் போலத் தெளிவாக, நிறுத்திச் சொன்னாள்: "எனக்குக் காது நல்லாத்தான் கேக்கும். பெல்லு இல்லாமலேயே கேட்டுக்கிட்டுத்தான் இருந்திச்சு. ஒவ்வொரு தடவையும்."

உள்ளே தண்ணீர் நின்றது. குழாயைத் திருகி மூடும் சத்தம் கேட்டது. புதுக் குழாய், ஒரு சொட்டும் இல்லை.

"ஒவ்வொரு தடவையுமா?"

"ஒவ்வொரு தடவையும்."

கோபமே இல்லாமல், எரியாத மோட்டார் ஏன் நின்றது என்று யோசிக்கிறவர் குரலில் அவர் கேட்டார்: "அப்ப ஏன் வரல?"

கேள்வி நியாயமானதுதான். பேருந்து நிலையத்தில் யாராவது குனிந்து கேட்டிருந்தால் இதற்குள் பதில் சொல்லியிருப்பாள். அவள் கோப்பையைத் தூக்கி ஒரு வாய் குடித்தாள். இன்னும் பாதிக்கு மேல் இருந்தது, ஆறவில்லை.

"ஏம்மா, உன்னத்தான் கேக்குறேன். இருக்கியா?"

வாளியைக் காலால் நகர்த்திக் குளியலறை வாசலில் நேராக வைத்தாள். பழைய துண்டை அதன் கைப்பிடியில் தொங்கவிட்டாள். கோப்பை தளும்பாமல் பிடித்துக்கொண்டு, அறையை விட்டு வெளியே போய், கதவைத் தனக்குப் பின்னால் சாத்தினாள். சமையலறையில் குருவி கத்தத் தொடங்கியது.